முன்சென்ற வாகனம்

வழித்துணைச் செயலியின் குடும்பத் திட்டத்தில் ஐந்து பேருக்கு இடம் இருந்தது. நான்கு இடங்களை நிரப்புவதற்குத் தேவசேனா யோசிக்கவே இல்லை: தான், கணவர் குலசேகரன், மகன் முகுந்தன், கார்த்திகையில் மருமகளாக வரவிருந்த பெண். ஐந்தாவது இடத்தை மட்டும் அவள் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள். அரசு அலுவலகமொன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். எந்தக் கோப்பை நகர்த்துவது, எந்தக் கோப்பை நகர்த்தாமல் வைத்திருப்பது என்பதில் கைதேர்ந்தவள். கொடுக்கக்கூடிய ஒன்று கொடுக்கப்படாமல் கையில் இருப்பது அவளுக்கு நிறைவைத் தந்தது.

திட்டத்தை வாங்கச் சொன்னவன் முகுந்தன். வழித்துணை நிறுவனத்தில்தான் அவனுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தோசைத் தட்டின் முன் அமர்ந்துதான் அந்தப் பேச்சு தொடங்கியது.

"எதுக்குடா காசு குடுத்து வாங்கணும்? என் போன் சும்மாவே வழி சொல்லுதே," என்றார் குலசேகரன். "நேத்து கூட பேங்குக்கு ஒழுங்காத்தான் கூட்டிட்டுப் போச்சு."

"வெயில்ல கூட்டிட்டுப் போகும்பா. மழைக்காலத்துல இலவசத்தை நம்பாதீங்க. தங்கம் வாங்கிடுங்க."

கட்டணப் பதிப்புக்கு நிறுவனம் வைத்திருந்த பெயர் தங்கம்.

"ஏன், மழை பெஞ்சா இலவசம் நனைஞ்சிடுமா?"

முகுந்தன் சிரிக்கவில்லை. "சப்வேல எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு எப்படிப்பா தெரிஞ்சுக்கறது? கேமரா வெச்சோம். மேல்மட்டம்தான் தெரியுது, ஆழம் தெரியல. உள்ள கருவி வெச்சோம். ஒரு மழைக்குத் தாங்கல. பொய் சொல்லாத கருவி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"என்னது?"

"இன்னொருத்தர் போன். அது உள்ள போயி வெளிய வந்துட்டா வழி இருக்கு. வரலைன்னா இல்லை."

சட்னிக் கிண்ணத்தை நோக்கி நீண்ட தேவசேனாவின் கை நின்றது. "யாரோட போன்?"

"இலவசம் வெச்சிருக்கவங்களோடதும்மா. தங்கம் வெச்சிருக்கவங்க 'சரிபார்'னு ஒரு பொத்தானை அழுத்துவாங்க. உடனே அந்தப் பக்கமா வந்துட்டிருக்கற இலவசக்காரர் ஒருத்தருக்கு அதையே குறுக்கு வழின்னு காட்டும். அவர் போவார். மத்தவங்க காத்திருப்பாங்க."

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

"நிபந்தனையில இருக்கு. யாரும்மா படிக்கறாங்க? முன்னெல்லாம் ஓசியில வேணும்னா விளம்பரம் பாக்கணும். இப்ப விளம்பரமே வர்றதில்லைன்னு எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். விளம்பரம் பாக்கறதுக்குப் பதிலா வழி பாத்துக் குடுக்கறாங்க, அவ்வளவுதான்."

"ஆளைப் புடிச்சுத் தள்ளற மாதிரியில்ல இருக்கு," என்றார் குலசேகரன்.

"யாரும் தள்ளலப்பா. காட்டறோம். ஸ்டியரிங் அவங்க கையிலதான இருக்கு."

பிறகு, அம்மாவுக்கு எதையும் அரைகுறையாகச் சொல்லக்கூடாது என்று அறிந்தவனாக, மிச்சத்தையும் சொன்னான். முன்சென்ற வாகனம் நின்றுவிட்டால், அருகில் காத்திருக்கும் தங்கம் வாடிக்கையாளர்களிடம் செயலி ஒரு கேள்வி கேட்கும்: தகவல் தெரிவிக்கவா? யாராவது ஒருவர் ஆம் என்றால் போதும், தீயணைப்பு நிலையத்துக்குச் செய்தி தானாகப் போய்விடும்.

"அதை உங்க கம்பெனியே சொல்லிடலாமே."

"கம்பெனி சொன்னா, தெரிஞ்சேதான் அனுப்பினீங்களான்னு கேப்பாங்களேம்மா. பாத்தவங்க சொன்னா அந்தச் சிக்கல் இல்லை. ஆனா சொன்னவங்க, ஆள் வர்ற வரைக்கும் அங்கயே நிக்கணும். சாட்சிக்கு."

"சொல்றாங்களா?"

முகுந்தன் தோசையைப் பிய்த்தான். "மழையில யாரும்மா நிப்பாங்க?"

அவனைக் கடிந்துகொள்ளத் தேவசேனாவுக்குத் தோன்றவில்லை. ஏற்பாட்டில் ஒரு வரிசை இருந்தது. வரிசை இருக்கும் எதுவும் அவளுக்கு முழுத் தவறாகத் தெரிந்ததில்லை. சமையலறையிலிருந்து செண்பகம் அடுத்த தோசையைக் கொண்டுவந்து முகுந்தனின் தட்டில் வைத்துவிட்டு ஓசையில்லாமல் திரும்பிப் போனாள்.

செண்பகம் குலசேகரனின் தம்பி மனைவி. தம்பி இறந்தபின் மாடி அறையில் அவள் மட்டும் தங்கியிருந்தாள். வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் அந்தப் பழைய வெள்ளை நிறச் சின்னக் காரில் சென்று வாங்கி வருபவளும் அவளே. அன்று பிற்பகல், பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, அந்த அஞ்சாவது எடம் காலியாத்தான இருக்கு? என்னையும் சேத்துக்கறீங்களா? கடை கண்ணிக்குன்னு நான்தான வண்டிய எடுத்துக்கிட்டு அலையறேன்."

"உனக்கு எதுக்கும்மா? நீ எங்க போகப் போற?"

செண்பகம் அடுத்த பாத்திரத்தை எடுத்துத் துடைத்தாள். மறுநாள் அந்த ஐந்தாவது இடத்தைத் தேவசேனா சம்பந்திக்குக் கொடுத்தாள். அவரிடமிருந்து கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து சேர்ந்தன.

திருமணத்தன்று விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை அழைப்பு முடிந்து முகுந்தன் முதல் நாளே மண்டபத்தில் தங்கிவிட்டான். ஆனால் அவர்கள் குடும்ப வழக்கப்படி தாலி மட்டும் அன்றிரவு வீட்டில் குலதெய்வப் படத்தின் முன்னே இருக்கும். காலையில் மாப்பிள்ளையின் தாய் அதைத் தன் கையால் எடுத்துச் செல்ல வேண்டும். தாலி வாசலைத் தாண்டும்போது கணவனை இழந்தவள் எதிரே வந்துவிடக்கூடாது என்பதும் அதே வழக்கத்தின் பகுதி. ஆகவே தாம்பூலப் பைகளைச் சின்னக் காரில் ஏற்றி, செண்பகத்தை முன்னதாகவே அனுப்பிவிடுவது என்று தேவசேனா தீர்மானித்திருந்தாள்.

"போயிட்டு வரேன்கா," என்றாள் செண்பகம், குடையை மடக்கியபடி.

"பை ஒண்ணு கூட நனையக்கூடாது. கேட்டைச் சாத்திட்டுப் போ."

குலசேகரனின் தங்கை வசுமதி, தாலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னிருக்கையில் அமர்ந்தாள். வாசலை இருபுறமும் நன்றாகப் பார்த்தாள். "அவ போயாச்சுல்ல அண்ணி? நாம திரும்பற தெருவுல எங்கயாவது நின்னுட்டிருக்கப் போறா."

"போயாச்சு."

"நல்லதாப் போச்சு. அண்ணா, வண்டிய எடுங்க. ஒன்பதுலேருந்து பத்தரைக்குள்ள முகூர்த்தம். இப்படி மழை பெஞ்சா நாம போய்ச் சேர்றதுக்குள்ள பொண்ணுக்குத் தூக்கம் வந்துடும்."

"நீ பேசாம வா, எனக்கு ரோடே தெரியல," என்றார் குலசேகரன்.

மண்டபம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது. நேரே போனால் சப்வே. சுற்றிப் போனால் மேம்பாலம், ஆனால் நேரம் இரண்டு மடங்கு ஆகும். சப்வேக்குச் சற்று முன்னே, சாலை சரியத் தொடங்கும் இடத்தில், வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. பெரும்பாலும் பெரிய வண்டிகள். ஒன்றும் ஒலியெழுப்பவில்லை. துடைப்பான்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னாலும் ஒரு முகம் குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நிற்காமல் இடப்புறமாக ஒதுங்கி முன்னேறியவை ஆட்டோக்களும் இருசக்கர வண்டிகளும்தான்.

வரிசையின் முன்பகுதியில் ஒரு வெள்ளை நிறச் சின்னக் கார் நிற்பதைத் தேவசேனா கண்டாள். மழை ஒரு திரைபோல் விழுந்தது. திரை விலகியபோது அந்தக் கார் அங்கே இல்லை.

"'சரிபார்'னு வருது பாரு. அழுத்து," என்றார் குலசேகரன்.

தேவசேனாவின் விரல் திரைமேல் நின்றது. செண்பகத்தின் கைப்பேசியில் இருப்பது இலவசம். சேர்த்துக்கொள் என்று கேட்டாள், சேர்க்கவில்லை. அவளை இப்போது அழைத்து, சப்வேயில் இறங்காதே என்று சொல்லிவிடலாம். ஒரு சொல் போதும். ஆனால் வசுமதியின் மடியில் தாலி இருக்கும்போது அவள் குரலைக் காரில் ஒலிக்கவிடுவதா? வசுமதி அதை ஆயுள் முழுவதும் சொல்லிக் காட்டுவாள்.

"என்ன அண்ணி யோசனை? நேரம் ஓடுது."

தேவசேனா அழுத்தினாள்.

'சரிபார்க்கப்படுகிறது' என்றது திரை. ஒரு சிறு வட்டம் சுழன்றது. மழையின் இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை. வட்டம் நீண்ட நேரம் சுழன்று பின் நின்றது.

'இவ்வழி இல்லை. மாற்று வழி தயார்.'

"பாத்தீங்களா!" என்றாள் வசுமதி. "காசு குடுத்தது வீண் போகல. நேராப் போயிருந்தா நம்ம கதி என்ன?"

அதன் கீழே இன்னொரு வரி விரிந்தது. 'முன்சென்ற வாகனம் நின்றுவிட்டது. தகவல் தெரிவிக்கவா? தெரிவிப்பவர் உதவி வரும்வரை இவ்விடத்திலேயே இருக்க வேண்டும்.' ஆம் என்றொரு கட்டம். வேண்டாம் என்றொரு கட்டம்.

தேவசேனா தலையை நிமிர்த்தினாள். முன்னே நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக விளக்கைச் சிமிட்டி வலப்புறம் திரும்பிக்கொண்டிருந்தன. ஒருவரும் நிற்கவில்லை. நின்றால் தாலி நிற்கும், முகூர்த்தம் போகும். நிற்பது மட்டுமா? பங்காளி வீட்டுச் சாவு தெரியவந்துவிட்டால் அந்தக் கணத்திலிருந்து தீட்டு. மணமேடையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எழுப்ப வேண்டிவரும். தெரியாதவரை தீட்டில்லை.

"என்ன அண்ணி கேக்குது?"

"ஒண்ணுமில்ல. விளம்பரம்," என்று சொல்லி, வேண்டாம் என்ற கட்டத்தை அழுத்தினாள்.

குலசேகரன் வண்டியைத் திருப்பினார். சிறிது தூரம் சென்றபின், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இப்ப விளம்பரமே வர்றதில்லைன்னு முகுந்தன் சொன்னானே," என்றார். தேவசேனா கைப்பேசியைப் பைக்குள் வைத்தாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

மண்டப வாசலில் நாயனக்காரர் சோமாஸ்கந்தன் எழுந்து நின்று கும்பிட்டார். மேளத்தை ஏற்பாடு செய்தவள் தேவசேனா. இரண்டு தவில் என்று பேச்சு. அங்கே ஒன்றுதான் இருந்தது.

"இன்னொருத்தர் எங்க?"

"பக்கிரிதானேம்மா? வந்துக்கிட்டே இருக்கான். ரயில் லைனுக்கு அந்தாண்ட வந்துட்டேன்னு சொன்னான்."

"முகூர்த்த நேரத்துல ஒத்தைத் தவில வெச்சுக்கிட்டு என்ன கெட்டிமேளம் கொட்டுவீங்க? தாலி கட்டறப்ப எவனாவது தும்மினா மண்டபம் பூரா கேக்கும். அழுகை, தும்மல் எதுவும் காதுல விழக்கூடாதுன்னுதானே மேளம்?"

"வந்துருவாம்மா. பொறுப்பான பையன்."

"பொறுப்பு நல்லாத் தெரியுது."

மணமேடையில் முகுந்தன் குனிந்து அவள் காலைத் தொட்டான். நிமிரும்போது மெல்லக் கேட்டான். "எந்த வழியாம்மா வந்தீங்க?"

"சுத்தி."

"நல்லது. சப்வே சிவப்பாயிடுச்சு."

உள்ளே போன வண்டி வெளியே வராவிட்டால்தான் சிவப்பு என்பது இருவருக்கும் தெரியும். ஒருவரையொருவர் ஒரு நொடி பார்த்தார்கள். புரோகிதர் அழைத்தார்; அவன் போய் அமர்ந்தான்.

மேடையோரத்தில் நின்றபடி தேவசேனா மனத்தில் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினாள். மூன்று முடிச்சும் விழட்டும். பந்தி முடியட்டும். மணமக்கள் கோயிலுக்குப் போய்ச் சேரட்டும். அதன்பிறகு, செண்பகத்தைக் காணோமே என்று முதலில் சொல்வது வசுமதியாக இருக்கட்டும். அப்போது தான் பதறிக் கைப்பேசியை எடுக்க வேண்டும். எந்த இடத்தில் அழுகை வர வேண்டும் என்பது வரை அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தெளிவு அவளுக்கு அச்சம் தரவில்லை, சோர்வைத்தான் தந்தது.

"உங்க ஓரகத்தியக் காணோமே?" என்று சம்பந்தியம்மாள் கேட்டாள்.

வசுமதி முந்திக்கொண்டாள். "அவ விவரம் தெரிஞ்சவ. நல்ல நேரத்துல தானா ஒதுங்கி நிப்பா. யாரும் சொல்லவே வேண்டாம்."

"இந்தக் காலத்துல அப்படி யாரு இருக்கா!" என்று சம்பந்தியம்மாள் வியந்தாள்.

ஒற்றைத் தவிலின் கெட்டிமேளத்தில் தாலி ஏறியது. சோமாஸ்கந்தன் கன்னம் வெடிக்க ஊதினார். ஆனாலும் ஒலியில் ஒரு பக்கம் காலியாகவே இருந்தது; பின்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது அனைவருக்கும் கேட்டது. தேவசேனா பற்களைக் கடித்தாள்.

முதல் பந்தி எழுந்ததும் விருந்தினர் தாம்பூலப் பை கேட்கத் தொடங்கினார்கள். பைகள் எங்கே இருக்கின்றன என்பது அவளுக்குத் தெரியும். வெற்றிலையும் தேங்காயும் மண்டபத்திலேயே கிடைக்குமா என்று பார்க்க, சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்த பண்டக அறைக் கதவைத் தள்ளினாள்.

அரிசி மூட்டைமேல் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னே தாம்பூலப் பைகள், ஒன்றுகூட நனையாமல், வரிசையாக நின்றன.

தேவசேனா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது, அது ஒத்திகை பார்த்த இடமும் இல்லை, ஒத்திகை பார்த்த அழுகையும் இல்லை.

"என்னக்கா, இப்படி நிக்கறீங்க? உக்காருங்க."

"நீ எப்ப வந்த?"

"உங்களுக்கு முன்னாடியே. பின்வாசல் வழியா வந்துட்டேன். தாலி ஏறட்டும்னு உள்ளயே இருந்துட்டேன்."

"எந்த வழியா?"

"நீங்க வந்த வழிதான். சப்வேகிட்ட உங்களுக்கு நாலஞ்சு வண்டி முன்னாடி நின்னேன். கண்ணாடியில உங்க வண்டி தெரிஞ்சுது. தாலி வருதே, மூஞ்சியக் காட்டக் கூடாதுன்னு ஒரு பெரிய வண்டி மறைவுல ஒதுங்கித் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்."

"உன்கிட்ட இருக்கறது இலவசம்தானே?"

"நேத்தே தங்கம் போட்டுட்டேன்கா." செண்பகம் ஒரு பையின் கயிற்றை இழுத்து முடிந்தாள். "அன்னிக்கு முகுந்தன் பேசினது பூராவும் தோசை சுட்டுக்கிட்டே கேட்டேன். அதைக் கேட்டப்புறம் யாராவது சும்மா இருப்பாங்களா?"

தேவசேனா கதவை உள்ளிருந்து சாத்தினாள்.

"நான் சரிபார்னு அழுத்தினேன். பக்கத்துல வந்துக்கிட்டிருந்த ஆட்டோ உடனே கீழ எறங்குச்சு. பின்னாடி ஒருத்தர் உக்காந்திருந்தார். துணி சுத்தின ஏதோ ஒண்ண மடியில வெச்சு, நனையாம, ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுக்கிட்டு. அந்த ஆட்டோ திரும்பி வரவே இல்லை. அப்புறம் தகவல் சொல்லவான்னு கேட்டுச்சு."

"நீ என்ன போட்ட?"

"வேண்டாம்னு போட்டேன். பை வர்றதுக்கு நேரமானா நீங்க திட்டுவீங்களேன்னுதான் அப்பத் தோணிச்சு." அவள் குரல் உயரவில்லை. "உங்களையும் கேட்டிருக்கும். நீங்க நின்னிருந்தா தாலி நின்னிருக்கும். தாலிதான் வந்துடுச்சே."

வெளியே அடுத்த பந்திக்கு இலை போடும் ஓசை கேட்டது.

"எனக்காவது அந்த ஆட்டோக்காரர் யாரோ, பின்னாடி இருந்தவர் யாரோ," என்றாள் செண்பகம். "நீங்க யாருன்னு நெனச்சு வேண்டாம்னு போட்டீங்கக்கா?"

தேவசேனா குனிந்து பைகளைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கடைசிப் பை வாய் திறந்திருக்கு, பாரு," என்றாள். "கட்டி வெளிய எடுத்துட்டு வா. எல்லாரும் காத்திட்டிருக்காங்க."

சாப்பாட்டுக் கூடத்தில் மேளக்காரர்களின் பந்தி நடந்துகொண்டிருந்தது. சோமாஸ்கந்தனுக்கு அடுத்த இடத்தில் ஆள் இல்லாத ஓர் இலை. உப்பு, ஊறுகாய், ஒரு கை பருப்பு வரை அதில் பரிமாறியிருந்தார்கள். அவர் தம் இலையில் கை வைக்காமல் காதில் கைப்பேசியோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுக்க மாட்டேங்கறாம்மா," என்றார். "நனைஞ்சா வார் தொய்ஞ்சிடும்னு தவிலைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு ஆட்டோவுல ஏறினான். குறுக்கு வழி காட்டுது, உடனே வந்துருவேன்னான். அவன் இலை இருக்கட்டும்மா, வந்துருவான்."

தேவசேனா அந்த இலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பரிமாறுகிறவரை அழைத்தாள்.

"வராத ஆளுக்கு எதுக்கு இலை? எடுங்க. அடுத்த பந்திக்கு ஆள் நிக்குது."

பரிமாறுகிறவர் எதிர்ப்புறம் நின்றபடியே குனிந்து, இலையின் கீழ்ப்பாதியைத் தூக்கி மேற்பக்கமாக மடித்தார், துக்க வீட்டில் மடிப்பதுபோல.

"அப்படி இல்லை," என்றாள் தேவசேனா. "உக்காந்திருக்கவங்க பக்கமா மடிங்க. இது கல்யாண வீடு."

அவர் இலையைப் பிரித்துச் சரியாக மடித்தார்.